செலின் தைத்த சாக்கு

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுதான சார்? மோதிரம் தெரியுது. அப்ப உங்களைத்தான் கேக்கணும். பொண்டாட்டி ஒருத்தி புருஷன் கிட்ட, "நீங்க என்னை ஒரு விஷயம் கேக்கணும், கேட்டா மறுபேச்சு இல்லாம வந்துடுறேன்"னு சொல்றா. என்ன கேக்கணும்னா, "அது உங்களுக்கே தெரியணும்"னுட்டு போனை வச்சிடுறா. நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க? இல்ல இல்ல, இப்பவே சொல்ல வேணாம். கோத்தகிரிக்கு முன்னாடி அரவேணுல நான் எறங்குவேன். அதுக்குள்ள யோசிச்சுச் சொன்னா போதும்.

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளட்டுமா? உங்களுக்குக் குளிருதுன்னா வேணாம். மேட்டுப்பாளையத்துல ஏறினதுலேர்ந்து எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல. பையை மடியில வச்சா முட்டி வலிக்குது, கீழ வச்சா உருண்டு போவுது. வாடை வருதா? நெத்திலிக் கருவாடு சார். அவளுக்கு உசிரு. நாலு பேப்பர் சுத்தியும் ஊரைக் கூட்டுது பாருங்க.

என் பேரு இருதயராஜ். பாண்டிச்சேரி. சாராயக் கம்பெனில குடோன் இன்சார்ஜ். ஒடனே தள்ளி உக்காராதீங்க, மாதா சத்தியமா ஒரு சொட்டு நாக்குல வச்சவன் இல்ல நான். என் வேலை பீப்பாயைப் பாத்துக்கறது, அவ்வளவுதான். போர்பன் தெரியுமா? பிஸ்கட் இல்ல சார். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அமெரிக்காவுல மக்காச்சோளத்துல காய்ச்சுற விஸ்கி. புது ஓக் மரத்துல பீப்பாய் செஞ்சு, உள்பக்கத்தை நெருப்பு வச்சுக் கரியாக்கி, அதுல ஊத்தி வருஷக்கணக்குல வச்சிடுவாங்க. மரந்தான் அதுக்கு நெறம், வாசனை எல்லாம் குடுக்குது. அதே மாதிரி நம்ம ஊருலயும் செய்யணும்னு எங்க முதலாளிக்கு ஒரு ஆசை வந்துச்சு. அந்தப் பேரை நாம போட்டுக்கக் கூடாதாம், ஆனா ருசி அதுவா இருக்கணும்னாரு.

அதுக்குன்னு வந்தவருதான் வித்யாதரன் சார். கும்பகோணத்துக்காரரு. அமெரிக்காவுல இதையே படிச்சு, அங்கயே ஒரு கம்பெனில வேலையும் பாத்தவரு. பெரிய படிப்பு, ஆனா வாய்ல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அவரு வந்து சொன்னாரு, "நம்ம வெயில் வேற, அவங்க வெயில் வேற. எந்தக் கட்டடத்துல வச்சா எப்படி ஆவுதுன்னு முதல்ல பாத்துடணும்"னு. ஒரே நாள்ல காய்ச்சின சரக்கு, ஒரே கடையில வாங்கின பீப்பாய். கொஞ்சத்தை வெள்ளைக்காரன் காலத்துக் கனத்த சுவர் குடோன்ல வச்சாரு. கொஞ்சத்தை ஏரிக்கரை ஓரமா ஓட்டுக் கட்டடத்துல. மிச்சத்தை என் தகரக் குடோன்ல, அதுவும் மேல் தட்டுல, தகரத்துக்குக் கைக்கெட்டுற தூரத்துல.

எங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு என்ன சொன்னாரு தெரியுமா? "நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் உங்க வேலை. ஜன்னலைக் கூட தொடாதீங்க. கட்டடம் என்ன செய்யுதோ செய்யட்டும். சூடு காட்டுற மீட்டரை மட்டும் பாத்து எழுதுங்க." ஒண்ணும் செய்யாம இருக்குறது ஒரு வேலையா சார்? எங்கப்பாரு என்னை அப்படி வளக்கல.

ஒரு விஷயம் கேளுங்க. பீப்பாயில வச்ச சரக்கு சும்மா இருக்காது. மரத்து வழியா கொஞ்சங் கொஞ்சமா ஆவியா போயிடும். அதுக்கு இங்கிலீஷ்ல தேவதைங்க பங்குன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு வச்சிருக்கான் வெள்ளைக்காரன். நாங்க வேதக்காரங்க, சம்மனசு பங்குன்னு சொல்லிக்குவோம். அமெரிக்காவுல சம்மனசுங்க கொஞ்சமா குடிக்குங்களாம். நம்ம ஊரு சம்மனசு மொடாக்குடி சார்! சித்திரை வெயில்ல என் குடோன்ல நின்னு பாக்கணும் நீங்க, தகரம் படபடன்னு வெடிக்கும். நான் தினம் காலையில வெரல் முட்டியால ஒவ்வொரு பீப்பாயையும் தட்டிப் பாப்பேன். நெறைஞ்சிருந்தா ஒரு சத்தம், கொறைஞ்சா வேற சத்தம். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, அப்படியே கம்முனு இருக்கும். தட்டிப் பாத்தாத்தான் உள்ள எவ்வளவு போயிருக்குன்னு புரியும். போனது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்கிட்டே ஏணியை விட்டு எறங்குவேன். மத்த குடோன்காரனுங்க வேற, "என்ன இருதயராஜு, கடைசியில காலி பீப்பாய்தான் உருட்டிட்டு வரப்போற"ன்னு நக்கல் அடிச்சானுங்க. முழுங்க முடியுமா சொல்லுங்க?

வளைவு வருது, கம்பியைப் பிடிச்சுக்குங்க. குஞ்சப்பனை தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா? இந்த பஸ் ஏறுதா நிக்குதான்னே தெரியல.

சாக்கு விஷயத்தைச் சொல்லணும். எங்க குவார்ட்டர்ஸ் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு. ஒரு ரூமு, ஒரு அடுப்படி, மேல ஆஸ்பெட்டாஸ். செலின் வீட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பா. அவதான் சார் என் வீட்டுக்காரி. அந்த வருஷம் மாசி மாசத்துலேர்ந்தே அவ சாக்கு சேத்தா. மக்காச்சோளம் வர்ற சாக்கு, கம்பெனில சும்மா கெடக்கும். அதைத் துவைச்சுக் காய வச்சு, கோணி ஊசி எடுத்து ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைச்சா. வெரல்ல ரெண்டு எடத்துல குத்திக்கிட்டா கூட. பெரிய போர்வை மாதிரி ஆச்சு. கூரை மேல விரிச்சுத் தண்ணி தெளிச்சு விட்டா பகல்ல உள்ள உக்காரலாம்னா. நல்ல யோசனைதான், நான் இல்லைன்னு சொல்லல. எனக்கே அதைப் பாத்துத்தான் யோசனை வந்துச்சு.

என்னன்னு கேக்குறீங்களா? அதை எடுத்துட்டுப் போயி பீப்பாய் மேல போத்திட்டேன்.

திருடிட்டா போனேன்? சொல்லிட்டுத்தான் எடுத்தேன். "செலின், ரெண்டு மாசம், கோடை தாண்டினதும் குடுத்துடுறேன்"னேன். அவ மிஷின்ல குனிஞ்சிருந்தா. ஒண்ணும் சொல்லல. சம்மதம்னுதான அர்த்தம்? பேசாம இருந்தா நாம என்ன நெனைக்கிறது?

அதுலேர்ந்து பாருங்க, காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஏணி வச்சு ஏறித் தண்ணி தெளிப்பேன். மண்பானைக்கு ஈரத்துணி சுத்துற மாதிரிதான். பீப்பாயைத் தொட்டா குளிச்சிட்டு வந்த கொழந்தை கன்னம் மாதிரி சில்லுன்னு இருக்கும். மீட்டர் சுவத்துல தொங்குது, சாக்கு பீப்பாய் மேல கெடக்குது. சுவத்துல இருக்குற சூட்டை நான் உள்ளது உள்ளபடி எழுதினேன். ஒரு பொய் எழுதல. வித்யாதரன் சார் வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவாரு, புதன் சாயங்காலமே சுருட்டி வச்சிடுவேன். மறைச்சேன்னு எடுத்துக்காதீங்க. அவரு பாத்தா வருத்தப்படுவாரேன்னுதான்.

ஒரு வியாழக்கிழமை வித்யாதரன் சார் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு, ஒரு சாவி வாங்க. உக்காந்தாரு பாருங்க, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. செலினைப் பாத்து, "இந்தச் சூட்டுல எப்படிம்மா உக்காந்து தைக்கிறீங்க?"ன்னாரு. ஏதோ பேச்சுக்குக் கேக்குறது. அவ சிரிச்சா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தா, அப்புறம் உள்ள போயி ரொம்ப நேரம் மூஞ்சி கழுவினா. ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. "அந்த சார் ரொம்ப நல்லவருங்க." என்ன நல்லதைப் பண்ணிட்டாருன்னு எனக்குப் புரியவே இல்ல. ஒரு டம்ளர் ஜூஸ் குடிச்சிட்டுப் போனாரு, அவ்வளவுதான்.

அந்தக் கோடையிலதான் அவ மிஷின் மேலயே மயங்கி விழுந்தா. பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. குடோனுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது சார், நெருப்பு பயம். எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் தண்ணி தெளிச்சு முடிச்சு வெளிய வந்தப்பதான் சொன்னாங்க. ஓடினேன். குளுக்கோஸ் ஏறிட்டு இருந்துச்சு. "என்னம்மா, காலையில சாப்பிடலையா?"ன்னேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துட்டா. பாருங்க, கேக்கணும் கேக்கணும்ங்கிறா, அன்னைக்கே கேக்கத்தான செஞ்சேன்? சாப்பிட்டியான்னு கேக்குறதை விட பெருசா என்ன கேக்க முடியும் ஒரு புருஷன்?

அடுத்த கோடையிலயும் சாக்கு பீப்பாய் மேலதான் இருந்துச்சு. பாதியில எடுத்தா அதுவரைக்கும் பட்ட பாடு வீணாப் போயிடாதா? அந்த வருஷம் அவ சாக்கைப் பத்தி வாயே தொறக்கல. வாசல்ல வேப்ப மரத்தடியில மிஷினை இழுத்துப் போட்டுத் தைச்சா. காத்தாட இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்.

கடைசியா, என் குடோன்லயே வச்சு ருசி பாக்குற நாள் வந்துச்சு. முதலாளி, வித்யாதரன் சார், பம்பாய்லேர்ந்து ரெண்டு பேரு. சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸ். மோந்து பாக்குறதும், வாயில வச்சுக் கொப்புளிக்கிறதும், துப்புறதும். நான் கதவோரம் நின்னு எட்டி எட்டிப் பாத்தேன். கனத்த சுவர் குடோன் சரக்கு நல்லா இருக்கு, ஆனா இன்னும் பச்சையா இருக்குன்னாங்க. ஏரிக்கரையோடது பரவாயில்லன்னாங்க. என்னோடது வந்துச்சு. பம்பாய்க்காரரு கண்ணை மூடினவரு தொறக்கவே இல்ல. வித்யாதரன் சார் திரும்பத் திரும்ப மோந்து பாக்குறாரு. "இவ்வளவு சூட்டுல இவ்வளவு மெதுவா எப்படிப் பக்குவம் வந்துச்சு? நான் படிச்சதெல்லாம் தப்பு போலருக்கே"ன்னாரு. அவரு கண்ணு கலங்கிடுச்சு சார். சந்தோஷத்துல. எனக்கும்தான்.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு பாக்குறீங்க. யாரு கேட்டா? ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, "இருதயராஜ், நீ என்ன பண்ணின?"ன்னு கேட்டாங்களா? எல்லாரும் தகரத்தை அண்ணாந்து பாத்தாங்க. தகரத்துக்குத்தான் பேரு. நான் ஒருத்தன் அங்க நின்னுட்டிருக்கேன், என்னைப் பாக்கல. எனக்கு நெஞ்சே ஆறல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காதவன் கிட்ட நாமளா போயி எதுக்குச் சொல்லணும்?

அன்னைக்கு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தச் சாக்கைக் கொளுத்திட்டேன். ரெண்டு வருஷம் ஈரத்துலயே கெடந்து மக்கிப் போச்சு, ஒரே பூஞ்சை, சாராய வாடை. யாரு கண்ணுலயாவது பட்டா வீண் பேச்சு. செலின் சோறு போட்டுக்கிட்டே, "ருசி பாத்து முடிச்சுட்டாங்கல்ல, என் சாக்கை எடுத்துட்டு வாங்க"ன்னா. கொளுத்திட்டேன்னேன். "கொளுத்திட்டீங்களா?"ன்னா. "அது என்ன பெரிய பட்டுப்பொடவையா, வேற தைச்சுக்கோ"ன்னேன். நான் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன் சார். மறுநாள் நான் குடோனுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மிஷினுக்கு உறை போட்டு மூடிட்டு, அவ தங்கச்சி ஜெசிந்தா வீட்டுக்குன்னு இங்க மலைக்கு வந்துட்டா. ரெண்டு வருஷம் ஆவப் போவுது.

நான் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் டீத்தூள் பொட்டலம் கட்டிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுட்டா. சண்டை கிடையாது, அழுகை கிடையாது. இப்ப ஜெசிந்தா போன் பண்ணி, "மச்சான், அக்காவுக்கு டீ ஃபேக்டரில வேலையை நிரந்தரம் பண்றாங்க, குவார்ட்டர்ஸும் குடுக்குறாங்க, திங்கக்கிழமை கையெழுத்து போடுது"ங்குது. கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது சார். அப்புறம் அவ எறங்க மாட்டா. எனக்குத் தூக்கமே இல்ல. ஒடனே செலினுக்குப் போன் போட்டேன். அப்பதான் இந்தக் கேள்விப் புதிரு. "வாங்க. வந்து கேளுங்க. கேட்டா வர்றேன்."

ராத்திரி பூரா படுக்கையில பொரண்டு பொரண்டு யோசிச்சேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கவா? போன்லயே கேட்டாச்சு. என் மேல கோவமான்னு கேக்கவா? இல்லைம்பா. மன்னிப்பு கேக்கவான்னு பாத்தேன், எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? நாலு சாக்குக்கா? எனக்கு என்ன தோணுதுன்னா, இந்தக் குளிரு அவளை மாத்திடுச்சு. குளிர்ல வச்சா சரக்கு அப்படியே நிக்கும் சார், பக்குவமே வராது. மனுஷனும் கொஞ்சம் வெயில்ல காஞ்சாத்தான்...

ஒரு நிமிஷம். போன். அவருதான், வித்யாதரன் சார். காலையிலேர்ந்து அடிக்கிறாரு, நான் எடுக்கல. அங்க பெரிய ரகளை. என் குடோனை நம்பி வரிசையா புதுத் தகரக் குடோனா கட்டித் தள்ளினாங்க. பழைய சுவர் குடோனை இடிச்சே போட்டாங்க. ஒரு கோடை போச்சு, தொறந்து பாத்தா பாதிக்குப் பாதி காணோம், மிச்சம் இருக்குறது மரப்பட்டைக் கஷாயம். வாயில வைக்க முடியல. முதலாளி குதிக்கிறாரு. வித்யாதரன் சார் தகரத்து ஆணியை மாத்திப் பாக்குறாரு, பீப்பாய் மரத்தை அறுத்துப் பாக்குறாரு, ஒண்ணும் பிடிபடல. இவரு சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னு பேச்சு. இருங்க, எடுத்துடுறேன், விடாம அடிக்கிறாரு.

வணக்கம் சார். ஆமா சார், பஸ்ல. சிக்னல் விட்டு விட்டு வருது... சொல்லுங்க சார்... தகரக் குடோன்லயா? ... அந்த ரெண்டு கோடையிலயா? ... இல்ல சார். ... ஒண்ணும் பண்ணல சார். நீங்க சொன்ன மாதிரியேதான். தொடவே இல்ல. ... அப்படியா சார். ... சரி சார். ... சொல்றேன் சார். கட்டாயம் சொல்றேன்.

வச்சிட்டாரு. ராஜினாமா எழுதிட்டாராம். "கடைசியா ஒரு தடவை உங்களைக் கேட்டுடலாம்னு நெனைச்சேன் இருதயராஜ், நீங்கதான் பக்கத்துலயே இருந்தவரு"ன்னாரு. அப்புறம், "வீட்டம்மாவைக் கேட்டதா சொல்லுங்க, நல்லா இருக்காங்களா"ன்னாரு.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? ஓடுற பஸ்ல வச்சு, எல்லார் முன்னாடியும், சாக்கு போத்தினேன்னு எப்படிச் சொல்றது? நேர்ல கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டிருந்தா வேற. அதுக்கும் ஒரு நேரம் இருக்குல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்.

கண்ணாடியை முழுசா தொறந்துடுறேன், கோவிச்சுக்காதீங்க.

அரவேணு வந்துடுச்சா? அந்த வளைவா? பையைக் கொஞ்சம் பிடிங்க. அதோ, சார், அதோ நிக்குறா பாருங்க, டீக்கடை ஓரத்துல, பச்சை ஸ்வெட்டர். அவதான். கொஞ்சம் சதை போட்டிருக்கா. மூஞ்சி நல்லா தெளிவா இருக்கு. கல்யாணத்தன்னைக்கு இப்படித்தான் இருந்தா. அவளே வந்து நிப்பான்னு நான் நெனைக்கவே இல்ல சார்.

சீக்கிரம் சொல்லுங்க. நீங்கதான் யோசிச்சு வச்சிருப்பீங்களே. என்ன கேக்கட்டும்? என்ன? சத்தமா சொல்லுங்க, இன்ஜின் சத்தத்துல காதுல விழல. அந்தச் சாக்கை நீ ஏன் தைச்சன்னு அவளைக் கேக்கணுமா?

அதை எதுக்கு சார் கேக்கணும்? அது எனக்குத் தெரியுமே. உள்ள இருக்க முடியல, சூடு தாங்கலன்னுதான் தைச்சா. அது அன்னைக்கே தெரியும் எனக்கு. எடுக்கும்போதே தெரியும்.

என்ன சார், பையைக் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க?

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, எறங்குறேன். கொஞ்சம் இருங்க, கால் மரத்துப் போச்சு. அவ இந்தப் பக்கந்தான் பாக்குறா சார். தெரிஞ்சதைப் போயி அவகிட்ட எப்படிக் கேக்குறது?